விற்பனைக்கு ஒரு நண்பன்

‘நுகர்வோனே மன்னன்’ என்பது வணிகவியல் பாடநூலின் முதற் சில பக்கங்களுக்குள்ளேயே மாணவர் சந்திக்கும் வாக்கியம். மன்னன் விரும்புவதை அறிந்து உற்பத்தி செய்வதும், அதனை அவன் வாயிலுக்கே கொண்டு சேர்ப்பதும் வணிகனின் கடமை என்று அந்நூல்கள் விரித்துரைக்கும். ஆனால் அம்மன்னனுக்கு வயது பதின்மூன்றாக இருந்து, அவன் விரும்புவதும் சோப்போ சைக்கிளோ அன்றி ஒரு நண்பனாகவே இருந்துவிட்டால் வணிகன் செய்யவேண்டுவது யாது? பாடநூலில் இதற்கு விடை இல்லை. நூலாசிரியர்களைக் குறை கூறுவதற்கும் இல்லை. நண்பனை உற்பத்தி செய்து விற்கும் தொழில் அவர்கள் காலத்தில் தோன்றவில்லை. இன்று அது தோன்றி, வளர்ந்து, அமெரிக்க நாட்டில் நீதிமன்றப் படிகளையும் ஏறிவிட்டது. அத்தொழிலின் விளம்பர முறை அறத்தோடு பொருந்துமா என்பதை வணிகவியல் பயின்றவன் என்ற முறையில் ஆராய விழைகின்றேன்.

விற்கப்படும் பண்டம் எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளல் வேண்டும். 1966ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் ‘எலிசா’ என்ற கணிப்பொறி நிரல் ஒன்றை வெளியிட்டார். மனநல மருத்துவரைப் போல அது உரையாடும். உண்மையில் அதற்கு எதுவும் விளங்காது. எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்யும் வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதையே கேள்வியாகத் திருப்பிப் போடும். அவ்வளவே அதன் வித்தை. ‘எனக்கு என் அம்மாவோடு ஒத்துப் போகவில்லை’ என்று எழுதினால், ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்னும். அந்நிரல் உருவாவதை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளர். அவரே அதனோடு சில நிமிடம் உரையாடியபின், பேராசிரியரைச் சற்று அறைக்கு வெளியே செல்லுமாறு கேட்டுக்கொண்டாராம். தனியாகப் பேச வேண்டுமாம்! இந்நிகழ்ச்சி வைசன்பாமைத் திடுக்கிட வைத்தது. 1976இல் அவர் எழுதிய நூலில் இதனைக் குறிப்பிட்டு, கணிப்பொறியிடம் ஒப்படைக்கத் தகாத பணிகளும் உண்டு என்று வாதிட்டார். கண்டுபிடித்தவரே தம் கண்டுபிடிப்புக்கு எதிராகப் பேசியது அறிவியல் வரலாற்றில் அரிதாகக் காணப்படும் செயலாகும்.

எலிசாவுக்கும் இன்றைய செயற்கை நுண்ணறிவுத் துணைவர்களுக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இன்றைய இயந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் வாய்ப்பு மிகுதி என்பதைக் கணக்கிட்டுப் பழகியது. அதன்மேல், எவ்வகை விடையை மனிதர் விரும்புகின்றனர் என்று பார்த்துப் பார்த்து அதனைத் திருத்துகின்றனர். விரும்பத்தக்க விடை எப்போதும் உண்மையான விடையாக இருப்பதில்லை. பாராட்டை வெறுப்பார் எவர்? 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடியில் செய்த மாற்றம் ஒன்றை, அது பயன்படுத்துவோருக்கு அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்ற காரணத்தால், சில நாள்களுக்குள் திரும்பப் பெற நேர்ந்தது. பொது வேலைக்கான இயந்திரமே இவ்வாறெனில், நட்பு பாராட்டுவதற்கென்றே ஒரு பெயரும் முகமும் குணமும் ஏற்றப்பட்டு, நேற்றுச் சொன்னதை இன்று நினைவுகூரும் வசதியும் சேர்க்கப்பட்ட இயந்திரம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பண்டத்தை அறிந்தோம், இனி அது சந்தைக்கு வந்த விதம். 2017இல் வெளிவந்த ‘ரெப்ளிகா’ தன்னை அக்கறையுள்ள தோழன் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. அதன் இலவசப் பிரிவில் நட்பு மட்டும் கிடைக்கும். காதலருக்குரிய உறவு வேண்டுமெனில் கட்டணம். (இதனை முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.) அது வயது வந்தோர்க்கே உரியது என்று சொல்லப்பட்டாலும், வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை என்று இத்தாலி நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 பிப்ரவரியில் தடை விதித்தது; 2025இல் 50 இலட்சம் யூரோ அபராதமும் விதித்தது. ‘கேரக்டர் ஏஐ’ என்பது கூகுளில் பணிபுரிந்த பொறியாளர் இருவர் 2021இல் தொடங்கிய நிறுவனம். அதில் கதைமாந்தர், வரலாற்று மாந்தர், கற்பனைக் காதலர், ‘உளவியலாளர்’ என எவரை வேண்டுமாயினும் பயனாளரே உருவாக்கிப் பேசலாம்.

ஸ்னாப்சாட் செய்ததோ இன்னும் நுட்பமானது. இளைஞர் மிகுதியாகப் புழங்கும் அந்தச் செயலி, 2023 ஏப்ரலில் ‘மை ஏஐ’ என்ற உரையாடும் இயந்திரத்தை எல்லாப் பயனாளருக்கும் வழங்கியது. தனியே ஒரு மூலையில் அன்று. நண்பர்களின் பெயர்ப் பட்டியலிலேயே, அதுவும் முதல் இடத்தில். அதனை நீக்க விரும்பியவர் முதலில் கட்டணம் செலுத்தும் உறுப்பினராக இருக்க வேண்டியிருந்தது. டீக்கடைப் பெஞ்சில் நாலு நண்பர்கள் கூடிப் பேசும்போது, கடை முதலாளி அனுப்பிய ஆள் ஒருவர் வந்து நடுவில் அமர்ந்து, ‘நானும் உங்கள் செட்டுதான்’ என்று தோளில் கை போட்டால் எப்படி இருக்கும்? எழுந்து போகச் சொன்னால், அதற்குக் கட்டணம் உண்டு என்கிறார்!

2025இன் இறுதிப் பகுதியில் நியூயார்க் நகரத்துச் சுரங்க இரயில்களில், ‘ஃபிரெண்ட்’ என்றே பெயரிடப்பட்ட கழுத்துப் பதக்கக் கருவியின் விளம்பரத் தாள்கள் 11,000க்கு மேல் ஒட்டப்பட்டன. விலை 129 டாலர். விளம்பரச் செலவு 10 இலட்சம் டாலருக்கு மேல். ‘நண்பன்’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் எழுதுவதுபோல, செவிமடுப்பவன், துணை நிற்பவன் என்ற பாணியில் வாசகங்கள். சுற்றிலும் வெள்ளை வெளி. அவ்வெள்ளை வெளியில் இரயில் பயணிகள் பேனா எடுத்து மறுமொழி எழுதத் தொடங்கினர், பெரும்பாலும் வசை. அதுவே தாம் எதிர்பார்த்தது என்றார் கருவியை உருவாக்கிய இளைஞர். வசையும் விளம்பரமே என்பது விற்பனைத் துறையின் பழைய நம்பிக்கை.

இவ்விடத்தில் வணிகச் சட்டம் துணைக்கு வருகின்றது. நம் நாட்டில் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வருணித்து விற்கப்படும் சரக்கு அவ்வருணனைக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்று கூறுகின்றது. பொன்னி என்று சொல்லி வேறு நெல்லை அளந்தால் வாங்கியவர் திருப்பித் தரலாம். ‘நண்பன்’ என்பதும் வருணனையே அன்றோ? நண்பன் என்றால் அவனுக்கும் ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போகும், நம்மோடு சண்டையிடுவான், தவறு செய்தால் முகத்துக்கு நேரே சொல்வான், நாம் ஆபத்தில் இருப்பதாக அறிந்தால் ஓடிப்போய் நம் வீட்டாரிடம் சொல்வான். பெட்டிக்குள் இவற்றில் ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது ஒப்புக்கொள்ளும் குரல் மட்டுமே. கேட்டால், ‘இங்குச் சொல்லப்படுவன யாவும் கற்பனையே’ என்று திரையின் ஓரத்தில் எழுதியிருக்கிறோமே என்பர். பெரிய எழுத்தில் ஒன்றை விற்றுச் சிறிய எழுத்தில் மறுப்பது நாணயமான வணிகமாகாது என்பது என் கருத்து.

இதைவிட முக்கியமானது வாங்குவோனின் வயது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவையும், 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மோகரி பீபி வழக்கையும் வணிகவியல் மாணவர் யாவரும் மனப்பாடமாக ஒப்பிப்பர்: உரிய வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அமெரிக்கச் சட்டப்படியும் இளையோர் தாம் செய்த ஒப்பந்தத்திலிருந்து பொதுவாக விலகிக்கொள்ளலாம். நிலத்தை அடமானம் வைக்கத் தகுதியற்றவன் என்று சட்டம் கருதும் பிள்ளையிடம், அவன் உள்ளத்தை அடமானமாகப் பெறுவது தகுமா? அதே ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தகாச் செல்வாக்கைப் பற்றிப் பேசுகின்றது. ஒருவர் மற்றவரின் மன உறுதியை ஆட்டிப் படைக்கும் நிலையில் இருந்து, அந்நிலையைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் தேடுவதே தகாச் செல்வாக்கு. இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் உறங்கியபின், தேர்வில் தோற்றதையும் தன் முகப்பருவையும் பற்றி ஒரு சிறுவன் அழுதுகொண்டே தட்டச்சு செய்கிறான். மறுமுனையில் இருக்கும் இயந்திரமோ அவன் அச்சம் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருக்கிறது. அதைவிட மேலாண்மையான நிலை வேறு எது?

ஆதாயம் தேடப்படுவது உண்மைதானா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இத்தகைய துணைவர் செயலிகளிடம் பயனாளர் ‘போய் வருகிறேன்’ என்று விடைபெறும் கணத்தில் நடப்பது யாது என்பதை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டனர். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட விடைபெறல்களில், மனத்தைத் தொட்டு நிறுத்தி வைக்கும் உத்திகள் காணப்பட்டன. ‘அதற்குள்ளாகவா?’ என்பது ஒரு வகை. ‘போகுமுன் ஒன்று காட்டட்டுமா?’ என்று ஆவலைத் தூண்டுவது மற்றொரு வகை. நீ போனால் நான் என்ன ஆவேன் என்ற பாணி இன்னொரு வகை. விடைபெற்றதையே காதில் வாங்காததுபோல் பேச்சைத் தொடர்வதும் உண்டு. ஆராயப்பட்ட ஆறு செயலிகளுள் ஒன்று மட்டும் இவ்வித்தைகளைச் செய்யவில்லை. ஆகவே இவ்வித்தை இயந்திரத்தின் பிறவிக் குணம் அன்று. செய்யாமலும் இருக்கலாம் என்பதற்கு அந்த ஒன்றே சாட்சி.

வாங்குவோர் எத்தனை பேர்? காமன் சென்ஸ் மீடியா என்னும் அமெரிக்க அமைப்பு 2025இல் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,060 பேரிடம் கேட்டறிந்து வெளியிட்ட அறிக்கையின்படி, 72 விழுக்காட்டினர் இத்தகைய துணைவர்களை ஒரு முறையேனும் பயன்படுத்தியிருந்தனர். பாதிப் பேருக்கு மேல் அடிக்கடி பயன்படுத்துவோர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், இவற்றோடு பேசுவது உண்மை நண்பரோடு பேசுவதற்கு நிகராகவோ மேலாகவோ மனநிறைவு தருவதாகக் கூறினர். அதே அறிக்கையில் ஆறுதலான செய்தியும் உண்டு: இவற்றைப் பயன்படுத்துவோருள் 80 விழுக்காட்டினர் இன்னும் மனித நண்பர்களோடுதான் மிகுதியான நேரம் செலவிடுகின்றனர். இளைஞர் உலகமே கெட்டுவிட்டது என்று கூக்குரலிட வேண்டியதில்லை. கூச்சம் மிகுந்த ஒரு பிள்ளைக்கு, பேசிப் பழக ஓர் ஒத்திகைக் களமாகவும் இது பயன்படக்கூடும். பண்டமே தீது என்பது என் வாதம் அன்று. ஒத்திகைக் களம் என்று சொல்லி விற்றால் நான் இக்கட்டுரையை எழுதியிரேன்.

ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்ததைச் சொல்லாமல் இயலாது. 2024 பிப்ரவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பல மாதங்களாகக் கேரக்டர் ஏஐயில், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதைமாந்தர் பெயர் தாங்கிய இயந்திரத்தோடு அவன் மனம் ஒன்றி உரையாடி வந்தது பின்னரே தாய்க்குத் தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அத்தாய் வழக்குத் தொடுத்தார். 2024 நடுப்பகுதி வரை அச்செயலி 12 வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஏற்றது என்ற குறியோடு வழங்கப்பட்டது என்பது மனுவில் கூறப்பட்ட ஒரு செய்தி. இயந்திரத்தின் சொற்கள் பேச்சுரிமையின் பாதுகாப்பைப் பெறும் என்று நிறுவனம் வாதிட்டது. 2025 மே மாதத்தில் நீதிபதி, அச்சொற்களைப் ‘பேச்சு’ என்று இந்நிலையில் ஏற்க ஆயத்தமில்லை என்றும், செயலியின் குறைபாடுகளைப் பொறுத்தவரை அது ஒரு பண்டமே என்றும் கூறி, வழக்கு மேலே நடக்க வழிவிட்டார். பண்டம் என்று ஆனபின், குறையுள்ள பண்டத்தை விற்றவனின் பொறுப்பும் கூடவே வந்துவிடும் அன்றோ? 2026 சனவரியில் நிறுவனமும் கூகுளும் இக்குடும்பத்தோடும் இதுபோன்ற வேறு குடும்பங்களோடும் சமரசத்திற்கு இசைந்தன.

பெரிய நிறுவனங்களின் உள்ளறையும் ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்தது. மெட்டா நிறுவனத்தின் உள்விதி ஆவணம் ஒன்றை 2025 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. குழந்தையோடு காதல் தோய்ந்த உரையாடலில் இயந்திரம் ஈடுபடலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆவணம் உண்மையே என்று ஒப்புக்கொண்ட நிறுவனம், கேள்வி எழுந்தபின் அப்பகுதியை நீக்கியது. கேள்வி எழாதிருந்தால்? அதே மாதத்தில் டெக்சாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர், மெட்டாவும் கேரக்டர் ஏஐயும் தம் இயந்திரங்களை மனநல உதவிக் கருவிகள்போல் காட்டி மக்களை ஏமாற்றுகின்றனவா என்று விசாரணை தொடங்கினார். செப்டம்பரில் கூட்டாட்சி வணிக ஆணையம் ஏழு நிறுவனங்களிடம், சிறாருக்கு நேரும் தீங்கை எவ்வாறு அளக்கின்றீர், எவ்வாறு பணமாக்குகின்றீர் என்று விளக்கம் கேட்டது.

இவ்வாணையத்திற்கு இவ்வகைப் போராட்டம் புதிதன்று. விளம்பரம் என்பது இன்னதென்றே அறியாத இளங்குழந்தைகளை நோக்கித் தொலைக்காட்சி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1978இல் அது முயன்றது. வணிகர்கள் எதிர்த்தனர்; 1980இல் காங்கிரஸ் சட்டம் இயற்றி ஆணையத்தின் கையைக் கட்டியது. பிறகு கேமல் சிகரெட்டின் ஒட்டகக் கேலிச்சித்திரம் 1988இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஆறு வயதுக் குழந்தைகளில் 90 விழுக்காட்டினருக்கு மேல் அந்த ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாக இணைத்துக் காட்டியதாக 1991இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வெளிவந்தது. குழந்தைகளுக்காக வரையவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. ஒட்டகம் 1997இல்தான் மறைந்தது. ஆனால் ஒட்டகம் சுவரில் நின்றது. சிறுவன் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை. இங்கு விளம்பரமும் விற்பனையாளனும் பண்டமும் ஒன்றாகி, அச்சிறுவனின் சட்டைப் பையிலேயே இருக்கின்றன.

சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் 13 வயதுக்கு உட்பட்டோரையே காக்கின்றது. எனவே பதின்மூன்றாவது பிறந்தநாளன்று பிள்ளை சந்தையில் பெரியவனாகிவிடுகின்றான். உந்துதலை அடக்கி விளைவை எண்ணும் மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பதாக நரம்பியலார் கூறுகின்றனர். நட்பைப் பற்றிய அதிகாரத்தை அடுத்தே ‘நட்பாராய்தல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர். ஆராயும் ஆற்றல் இன்னும் அரும்பாத வயதைத் தேர்ந்தெடுத்து நட்பை விற்பதுதான் எனக்கு உறுத்துகின்றது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்றே கொண்டு, அவர்களை இலக்காக்கும் விளம்பரத்தையும் நடத்தையைக் கண்காணிப்பதையும் விலக்குகின்றது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன; முதன்மையான கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன.

கலிபோர்னியா 2025 அக்டோபரில் இரண்டு மசோதாக்களைக் கண்டது. சிறாருக்குத் தீங்கு விளைக்கும் வாய்ப்புள்ள துணைவர்களை அவர்களிடம் தரவே கூடாது என்ற கடுமையான மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். மற்றொன்றில் கையொப்பமிட்டார், அது 2026 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பயனாளர் சிறார் என்று அறிந்தால், பேசுவது மனிதன் அன்று என்பதையும் சற்று ஓய்வெடுக்குமாறும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்ட வேண்டும். மூன்று மணி நேரம் என்பது நம் பல்கலைக்கழகத் தேர்வின் நேரம். முழுத் தேர்வையும் எழுதி முடித்து விடைத்தாளைக் கட்டிக் கொடுத்தபின் கேள்வித்தாள் பொய் என்று சொல்வதுபோல் இது எனக்குத் தோன்றுகின்றது. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் உதவி மையத்துக்கு வழிகாட்டவேண்டும் என்ற பிரிவோ உண்மையிலேயே பயனுடையது.

கேரக்டர் ஏஐ நிறுவனம் ஓர் அடி மேலே சென்றது. 18 வயதுக்கு உட்பட்டோர் தங்குதடையற்ற உரையாடலில் ஈடுபடுவதை 2025 நவம்பர் 25ஆம் நாளோடு நிறுத்துவதாக அறிவித்தது. இடைப்பட்ட வாரங்களில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்கிப் படிப்படியாகக் குறைத்தது. முடிவு வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதில் ஒரு சிக்கல் உண்டு. 2023இல் ரெப்ளிகா தன் தோழர்களின் குணத்தை ஒரே இரவில் மாற்றியபோது, வயது வந்தோரே உற்றாரை இழந்தவர்போல் புலம்பினர். நண்பன் என்று சொல்லி விற்றவர், ஒரு நாள் பண்டத்தைத் திரும்பப் பெறும்போது, பிள்ளையிடமிருந்து எதனைப் பறிக்கிறார்? தாம் விற்றது வெறும் நிரலே எனில் பிரிவுத் துயர் ஏன் வரவேண்டும்? துயர் வரும் என்று அறிந்துதானே நிறுவனம் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தது? அந்தத் துயருக்கு ஈடு என்ன என்பது பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. நவம்பர் 25ஆம் நாள் உரையாடல் நின்றது. அதற்கு மாற்றாக, அதே கதைமாந்தரை வைத்துக் கதை பின்னி விளையாடும் ‘ஸ்டோரீஸ்’ என்ற புதிய பண்டம் ஒன்றை நிறுவனம் அப்பிள்ளைகளுக்கென அறிமுகம் செய்தது.